தூசியா, நிழலா

என் மனைவி ஸ்கேன் எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே இருட்டறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊராரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த சென்டரில் முதலில் டோக்கன் கொடுக்கத்தான் சேர்ந்தாள். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, டோக்கன் மேஜையிலிருந்து உள்ளறைக்குப் போக நாலு வருடம் ஆயிற்று. படம் எடுப்பது அவள். அளவெடுப்பது அவள். "இந்த ஓரத்தை இன்னொரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்று சொல்வதும் அவள்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவன். ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர், "இதை எடுத்துக்கறீங்களா, எனக்கு வைக்க இடமில்ல" என்று ஒரு தொலைநோக்கியைக் காட்டினார். ஆறு அங்குலக் கண்ணாடி, தண்ணீர்க் குழாய் மாதிரி நீளமான உடம்பு. அன்று பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம்.

மூன்று வருடம், வானம் தெளிவாக இருந்த ஒரு சாயங்காலத்தையும் நான் விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுவேன். "சீக்கிரம் வா, நகந்து போயிடும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வருவாள். குனிவாள். ஒரு நொடி, இரண்டு நொடி. "அழகா இருக்குங்க" என்பாள். இறங்கிப் போய்விடுவாள். எனக்கோ சொந்தமாக ஒரு கிரகம் வாங்கிக் கொடுத்தது போல் பெருமை.

ஒரு நாள் சனிக் கிரகம் கிடைத்தது. பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குழாயில் அதைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு, உடனே அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், குனிந்தாள். "அழகா இருக்குங்க. அந்த வளையம் இன்னிக்கு ரொம்பத் தெளிவா இருக்கு."

அவள் இறங்கிப் போனபின் நான் கண் வைத்தேன். கும்மிருட்டு. பெரிய குழாயின் முன்மூடியை நான் கழற்றவே இல்லை.

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "எனக்கு இதுவரைக்கும் அதுல எதுவுமே தெரிஞ்சதில்ல. என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினா எல்லாம் கலங்கிப் போகுது. கண்ணாடியோட பாத்தா கண்ணு அந்த ஓட்டைக்கிட்ட போக மாட்டேங்குது. மூணு வருஷமா என் இமை முடியைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவ்வளவு ஆசையா கூப்பிடுவீங்க. எப்படிச் சொல்றது?"

கீழ் வீட்டில் குடியிருக்கும் என் அக்காவுக்கு இது எட்டியது. "மூணு வருஷமா பொண்டாட்டிக்கு இருட்டைக் காட்டியிருக்கே, அதுக்கு மாடிப்படி வேற ஏறணும்" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருந்தது. அவளுக்கு ஒரு நட்சத்திரத்தையாவது காட்டாமல் ஓய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் கேமராவை மாட்டினால், பிடிப்பது அப்போதைக்கப்போதே திரையில் ஓடும் என்று படித்திருந்தேன். அவளிடம் சொன்னபோது, "நாள் பூரா திரையைப் பாத்துட்டு வர்றேன். வீட்டுலயும் ஒரு திரையா?" என்றாள். அதற்குமேல் தடுக்கவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். மெகாபிக்சல் அதிகமானால் நல்ல கேமரா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். இருபது மெகாபிக்சலில், பார்க்கவே மிரட்டலாக ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. குழாயை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் கேமராவுக்கு இன்னும் இரண்டு விரற்கடை குறைந்தது. அந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. அடியிலிருக்கும் கண்ணாடியை நீளமான போல்ட் போட்டு மேலே உயர்த்தினேன். எதையும் மேலே தூக்குவதுதானே என் பிழைப்பு. ஃபோகஸ் வந்தது. ஆனால் குருவி தலையில் பனங்காய் வைத்த கதையாக, கேமராவின் எடையில் தொலைநோக்கி தலைசாய்ந்தது. ஒரு நட்சத்திரம் திரைக்குள் வந்து, கோடு கிழித்துக்கொண்டு, மறுபக்கம் போயே போய்விட்டது. திரை முழுவதும் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொதித்தன.

ஒரு வாரம் அதோடு மல்லாடினேன். எட்டாம் நாள் அவள் மேலே வந்து, என் பின்னால் நின்று, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல எதைப் பாக்கப் போறீங்க?"

"வானத்தை."

"வானம்னா? எங்க சென்டர்ல குழந்தையைப் பாக்க ஒரு கருவி, கழுத்துல கட்டியைப் பாக்க வேற கருவி. எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னா அஞ்சாறு எதுக்கு வாங்கி வைக்கிறாங்க? நிலாவும், நீங்க எப்பவும் சொல்ற அந்த மங்கல் மேகமும் ஒண்ணா?"

நான் கேமராவின் திருகைத் தளர்த்த ஆரம்பித்தேன்.

"அப்புறம், ஆளு அசைஞ்சா படம் கலங்கும். முதல்ல அதை அசையாம படுக்க வைக்கணும். கேமரா அதுக்கப்புறம்."

அவள் சொன்ன 'அசையாம' என்ற சொல்லில்தான் விஷயம் இருந்தது. வானம் நகரும், அதன் கூடவே அதே வேகத்தில் திரும்புகிற மோட்டார் வைத்த தாங்கி வேண்டும். மவுண்ட் என்பார்கள். கடையில் யாரும் அதை முதலில் வாங்கச் சொல்வதில்லை, ஏனென்றால் அது பார்க்க இரும்புக் கட்டை மாதிரி இருக்கும். நாங்கள் அதைத்தான் முதலில் வாங்கினோம். அந்த வருடம் வெளியூர்ப் பயணத்துக்குச் சேர்த்திருந்த பணம் அதில் போயிற்று. அவளே "அடுத்த வருஷம் போய்க்கலாம்" என்றாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். நிலா இருந்த ஒரு சாயங்காலம், தொலைநோக்கியில் கேமரா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண்ணெய்க் காகிதத்தைப் பிடிக்கச் சொன்னாள். காகிதத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக நிலா விழுந்தது. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஸ்கேலால் அளந்தாள். ஏழு மில்லிமீட்டர். கேமராவுக்குள் படம் விழுகிற தகட்டை, அதாவது சென்சாரை, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது பாதி நிலாவைத்தான் பிடிக்கும். ஒத்தை அறையில நூறு பேரைக் குடிவெச்ச மாதிரி, சின்ன இடத்துல இருபது மெகாபிக்சலை அடைச்சு வெச்சிருக்கான். ஒவ்வொரு புள்ளியும் ஊசிமுனை. அதுல வெளிச்சம் எப்படி விழும்?"

அடுத்த நாள் கேமராவை எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் பேச்சில் மன்னர்.

"மேடம், இதைவிட மெகாபிக்சல் இந்த விலைல கிடைக்காது."

"குறைச்சலா இருந்தா பரவால்லங்க. ஒரு புள்ளி எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. மூன்று கேமராக்களைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். "எதை வேணா எடுங்க. பகல்ல நட்சத்திரத்தைக் காட்டி விக்க முடியாது."

"நட்சத்திரம் வேணாம். கம்ப்யூட்டர்ல மாட்டி, மூடியைப் போட்டு மூடுங்க."

"மூடினா என்ன தெரியும்?"

"அதுதான் பாக்கணும். அந்தத் திரைச்சீலையைக் கொஞ்சம் இழுத்து விடறீங்களா?"

முதல் கேமராவின் இருட்டு திரையில் வந்தது. சிக்னலைப் பெருக்குகிற அளவை அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். எனக்கு மூன்றுமே ஒன்றுதான், சாம்பல் நிறம். அவளோ மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, நோயாளியின் படத்தைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"இதுல குறுக்கே கோடு விழுது. மங்கலா எதையாவது பாக்கறப்போ அந்தக் கோடும் கூடவே வரும்." இரண்டாவது. "இந்த மூலை சூடாகி வெளுக்குது, பாருங்க." நான் பார்த்தேன், அவள் விரல் வைத்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவதில் அதிக நேரம் எடுத்தாள். "இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மணல் தூவினாப்ல இருக்கு. இதுதான்."

மூன்றிலும் மெகாபிக்சல் குறைவு அதில்தான், இரண்டு சொச்சம். சென்சார் மட்டும் பழையதைவிட இரண்டு மடங்கு அகலம். கடைக்காரர் பழைய கேமராவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கூடவே, படத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் கூட்டித் தருகிற ஒரு சின்ன லென்ஸையும் அவள் கேட்டு வாங்கினாள். "மேடம் எந்தக் கம்பெனில இன்ஜினியர்?" என்று அவர் என்னைக் கேட்டார். "ஸ்கேன் எடுக்கறாங்க" என்றேன். சொல்லும்போதே என் முதுகு நிமிர்ந்தது.

அந்த வாரம், ஏழரை மணி இருக்கும், மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே தொங்குகிற மங்கல் மேகத்தைப் பிடித்தோம். நாலு நாலு வினாடிப் படமாக எடுத்து, கம்ப்யூட்டர் அதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தது. முதலில் வெறும் சாம்பல். பத்தாவது படத்தில் ஒரு நிழல். முப்பதாவதில் இறக்கை விரித்த மாதிரி செம்மையும் நீலமுமாக ஒரு மேகம்.  அவளுடைய வலது கை வெளிச்சத்தையும் இருட்டையும் சரி செய்துகொண்டே இருந்தது.

"இங்க ஒரு கறுப்பு உள்ள நுழையுது, வாய் மாதிரி," என்றாள் கடைசியில். "அப்புறம் இந்தச் சின்ன உருண்டை இருக்கே, இது பெருசோட சேந்தது இல்ல. நடுவுல இடைவெளி இருக்கு. தனி."

மூன்று வருடமாக நான் அதைப் பெரிய மேகத்தின் ஒரு நுனி என்றே நினைத்திருந்தேன். புத்தகத்தைப் புரட்டினேன். தனி என்றுதான் போட்டிருந்தது. அதற்குத் தனி எண்ணே இருந்தது. அவளிடம் காட்டினேன். "அதான் தெரியுதே" என்றாள். அன்று சாப்பிடக் கூப்பிட்டது நான். அவள் இறங்கி வரவில்லை.

அதற்குப் பிறகு, நான் உறுப்பினராக இருந்த வானியல் சங்கத்தில் அவளையும் சேர்த்தேன். சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாற்பது வருடமாகக் கண்ணாலேயே பார்த்துப் பழகியவர். கேமரா அவருக்கு ஒவ்வாது. "அது டிவி பாக்கறது. வானம் பாக்கறது இல்ல" என்பார். அவர் சொன்னால் மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

ஒரு பள்ளி மைதானத்தில் சங்கம் பொதுமக்களுக்காக ஒரு மாலை ஏற்பாடு செய்தது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள். தலைவருடைய பெரிய தொலைநோக்கிக்கு முன் வரிசை வளைந்து நின்றது. ஓரத்தில் எங்கள் தொலைநோக்கியும் ஒரு பெரிய திரையும். என் அக்கா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வியாழன் கிரகத்தைத் திரையில் பெரிதாக ஓடவிட்டோம். பட்டைகள் தெரிந்தன, தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளிந்தன.

அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

தலைவர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். "என்னம்மா அது, சென்சார்ல தூசி. துடைச்சு எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா? ஜனங்க தப்பா நினைச்சுக்குவாங்க."

 காலையில் அதைத் துடைத்தது நான்தான். சரியாகத் துடைக்கவில்லையோ என்று பையில் துணியைத் தேட ஆரம்பித்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார்," என்றாள். மவுண்டின் பொத்தானை லேசாக அழுத்தினாள். வியாழன் திரையில் இடப்பக்கமாக நகர்ந்தது. புள்ளியும் அதன் முதுகில் ஏறிக்கொண்டே நகர்ந்தது. மறுபடி வலப்பக்கம். புள்ளியும் கூடவே.

"தூசின்னா அது திரையில நின்ன இடத்துலயே நிக்கும் சார். கிரகம் மட்டும்தான் நகரும். இது கூடவே போகுது."

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவள் படத்தை ஒரு நொடி நிறுத்தி, கிரகத்தின் விளிம்பிலிருந்து புள்ளி வரைக்கும் அளந்து குறித்துக்கொண்டாள். "அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை அளக்கலாம்."

அந்த அரைமணியில் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் திரும்பியது. என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க, திரைக்கு முன் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. மறுபடி அளந்தாள். புள்ளி நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. தலைவர் தன் பையிலிருந்து அந்த மாதத்து அட்டவணையை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நிழல்," என்றார். "வியாழனோட பெரிய நிலா குறுக்கே போகுது. அதோட நிழல் இது. இன்னிக்குத்தான். நான் அட்டவணையைப் பாக்காம வந்துட்டேன்."

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். மைக்கை எடுத்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான் இதைத் தூசின்னு சொன்னேன். இவங்க இல்லேன்னு காட்டினாங்க. இனிமே இவங்களே சொல்லட்டும்" என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். அப்புறம், ஒரு தாய்க்கு முதல் தடவை படத்தைக் காட்டி விளக்குவாளே, அதே குரலில் ஆரம்பித்தாள். "இதோ, இந்த இடத்தைப் பாருங்க. கொஞ்சம் கறுப்பா இருக்கா? அவசரப்படாம பாருங்க, தெரியும்." நூற்றைம்பது பேரும் அவசரப்படாமல் பார்த்தார்கள். என் அக்கா பக்கத்து நாற்காலிக்காரரின் கையைத் தட்டி, "எங்க வீட்டுப் பொண்ணுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கேட்கவே இல்லை, அக்காவாகத்தான் சொன்னாள்.

நிழல் கிரகத்தின் மறு விளிம்புக்குப் போகும்வரை யாரும் கலையவில்லை. எல்லாம் முடிந்து பொருட்களை ஏற்றும்போது, சங்கத்துக்கு என்று ஒரு கேமரா வாங்க வேண்டும், அதை அவள்தான் வந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதான் தனக்கு லீவு என்றாள். அப்படியானால் ஞாயிறு என்றார் அவர்.

திரும்பும் வழியில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே தூங்கிப் போனாள். வேகத்தடை வருகிற இடமெல்லாம் நான் வண்டியை நடக்க விட்டேன்.