பாட்டின் முதல் பாதி

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் 'எட்டாம்மாடி'. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக்கறைப் படுக்கை விரிப்புகளை அலசிப் பிழிவது அவள் வேலை. எட்டு மாடி ஏறுவது சம்பளமில்லாத இன்னொரு வேலை. லிஃப்ட் நின்று பதினோரு மாதம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த அவள் கணவன், அந்தப் பதினோரு மாதமும் தெருவுக்கு வந்ததில்லை.

மனு எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் ராப் பாட ஆரம்பித்தாள். சலவை இயந்திரத்தின் தடதடப்புதான் தாளம். முதல் பாதியில் இருக்கிற கேவலத்தை ஒளிக்காமல் கொட்டுவாள். மறுபாதியில் கேட்க வேண்டியதைக் கேட்பாள்.

"வீடா இது? அடுக்கி வச்ச சவப்பெட்டி,
ஏறினா நெஞ்சு போச்சு, இறங்கினா முட்டி!"

படிக்கட்டில் நின்று அவள் பாடியதை மூன்றாம் மாடித் தையல்காரி போனில் பிடித்துப் போட்டாள். ஊரே கேட்டது.

பத்தாம் நாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாழத் தகுதியற்ற கட்டடம், இடிக்கப்படும், முப்பது நாளில் காலி செய்க. கீழே, 'குடியிருப்பவரின் வாக்குமூலம்' என்ற தலைப்பில் அவளுடைய இரண்டு வரிகள், அச்சுப் பிசகாமல்.

மாற்று வீடு ஊருக்கு வெளியே. விடிகாலை ஷிஃப்டுக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. வேலை போனால் அவன் மருந்தும் போகும்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேக்கா" என்றாள் தையல்காரி.

கணவன் மட்டும் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, நம் கதையைத்தான் முடித்துவிட்டது என்றான்.

நோட்டீஸ் மீதான விசாரணைக்கு அவளும் தையல்காரியும் போனார்கள். அந்த அலுவலகத்தில் லிஃப்ட் ஓடியது, இரண்டே மாடிக்கு. நோட்டீஸில் விட்டுவிட்ட மறுபாதியை அவள் அதிகாரி முன் நின்று பாடினாள்.

"கயித்த மாத்து, மோட்டர மாத்து, லிஃப்ட ஓட்டு,
கட்டில்ல கெடக்குற மனுஷனுக்கு வெயில காட்டு!"

அதிகாரி கையமர்த்தினார். "பாட்டையெல்லாம் இங்க ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா."

ஒரே தொண்டை, ஒரே பாட்டு. இடிப்பதற்கு உதவினால் வாக்குமூலம்; பழுது பார்க்கச் சொன்னால் வெறும் பாட்டா?

மெல்ல நோட்டீஸை மேசைமேல் விரித்து, தன் வரிகளின் கீழ் விரலை வைத்தாள்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

அதிகாரி படித்தார். அதை அன்றுதான் முதல்முறை படிக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கட்டடத்தை யார் வந்து பார்த்தது என்று கேட்டாள். யாருமே பார்த்திருக்கவில்லை. முந்நூறு பேர் வாழும் இடத்துக்கு நாற்காலியிலிருந்தே சாவுச்சீட்டு எழுதியிருக்கிறார்கள்!

நோட்டீஸ் நிறுத்திவைக்கப்பட்டது. மறுவாரம் அதிகாரியே நேரில் பார்வையிட வந்தார். லிஃப்ட் பொத்தானை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் படியேறினார்.

எட்டாம்மாடி முன்னால் ஓடிவந்து கதவைத் திறந்ததும் கட்டிலில் இருந்தவன் கேட்டான்:

"எத்தனாவது மாடியில உக்காந்துட்டாரு?"

"அஞ்சு" என்றாள். "முட்டியப் புடிச்சுக்கிட்டு."