லேப்டாப்பைப் பிடிக்க ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் லேப்டாப்பை ஒருக்களித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டுதல் எதுவும் இல்லை. சி.டி. டிரைவ் மக்கர் பண்ணியது.

வைரஸ் வந்து, கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். அதோடு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரும் போயிற்று. திரும்பப் போட சி.டி. இருக்கிறது, டிரைவ் படிக்க மாட்டேன் என்கிறது. திங்கள் காலைக்குள் இந்தப் பத்தி பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும். கையால் எழுதி அனுப்பினால் டைப் அடிக்க ஆளில்லை என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட்டார். ஒரு வாரம் விட்டால்? அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடும்!

அது மட்டுமில்லை. பேங்க் வேலையில் மாற்றலாகி கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிக்கு வந்து பதினோரு மாதம். கணவர் மதுரையில், மகன் ஹாஸ்டலில். போனில் பேசும் பத்து நிமிடத்தை விட்டால், வாரம் முழுக்க நான் தமிழில் பேசுவது உங்களிடம் மட்டும்தான்.

எரிச்சலில் லேப்டாப்பைத் தூக்கி ஓர் உலுக்கு உலுக்கினேன். டிரைவ் சுற்ற ஆரம்பித்தது! ஒருக்களித்துப் பிடித்தால் படிக்கிறது, கீழே வைத்தால் நின்றுவிடுகிறது. இட்லிப் பானையில் சாய்த்துப் பார்த்தேன். ம்ஹும். இரண்டு கையாலும் பிடித்தே ஆக வேண்டும். அப்படியானால் என்டர் தட்டுவது யார்?

தனியாக இருப்பதில் பெரிய கஷ்டங்களைச் சமாளித்துவிடலாம். கட்டிலின் மறுமுனையைத் தூக்க, ஏறும்போது ஸ்டூலைப் பிடிக்க... அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். செல்போனில் பெயர்களைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடலாம் என்று இந்த ஊரில் ஒரு பெயர்கூட இல்லை. அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கடைசியில் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். சாந்தா, என் வயதுதான். கார்ப்பரேஷனில் வேலை. இத்தனை நாளும் எங்களுக்குள் படிக்கட்டுச் சிரிப்பும் என் ஓட்டை மலையாளமும் மட்டுமே.

"சேச்சி, ஒரு ஹெல்ப் செய்யுமோ?"

"அதினெந்தா மேடம், வராம்" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

நான் பிடித்தேன், அவர் என்டர் தட்டினார். இருபது சதவீதம் தாண்டும்போது என் கை வழுக்கியது.

"ஐயோ, பாத்து! விழப்போவுது!" என்று கத்தியபடி மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் லேப்டாப்பை மறந்து அவரைப் பார்த்தேன். "நீங்க தமிழா?"

"ஆமா மேடம். தாத்தா காலத்துல இங்க வந்தது. ஸ்கூல்ல மலையாளம்தான், தமிழ் எழுத அறியாது. ஆனா வீட்டுல தமிழ்தான்."

"பின்ன ஏங்க இவ்ளோ நாளா எங்கிட்ட மலையாளத்துல பேசினீங்க?"

அவர் திரையையே பார்த்தார். "நீங்க தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்கல்லே. எங்க தமிழ் கேட்டா அந்த ஊர்க்காரங்க சிரிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. வந்த புதிதில் இந்த ஊர்த் தமிழைக் கிண்டலடித்து இதே பக்கத்தில் நான் எழுதவில்லையா? நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்களே! சாந்தா அதைப் படித்திருக்க முடியாது. படிக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"நான் சிரிக்க மாட்டேன், பேசுங்க" என்றேன்.

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். போகப்போக மடை திறந்துவிட்டது. "அம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தமிழ் பேச ஆளில்ல மேடம். பிள்ளைங்க மலையாளம்தான். சில நேரம் தனியா துணி துவைக்கும்போது சும்மா பேசிப் பாப்பேன், மறந்துபோச்சோன்னு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். யாருக்குக் கை எட்டியதோ அவர் என்டரைத் தட்டினார். எழுபது, எண்பது... முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்யட்டும் என்று ஆசைப்பட்டேன். அது கேட்குமா? நூறைத் தொட்டுவிட்டது.

"முடிஞ்சுதா மேடம்? அப்ப நான் எறங்கட்டா?"

"இருங்க, இன்னொரு சி.டி. இருக்கு" என்றேன்.

லேப்டாப் பைக்குள் கைவிட்டு, கடைக்காரர் இலவசமாகத் தந்த பிரின்டர் சி.டி.யை எடுத்துப் போட்டேன்.

என்னிடம் பிரின்டர் கிடையாது.