போட்டோவுக்குக் குளிருமாங்க?

போன வாரம் எங்கள் கணபதி ஊரில் கோயில் நோம்பி, அதாங்க திருவிழா. சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. மேடை நடுவில் ஒரு நாற்காலி... அதில் மாலை போட்ட போட்டோ.

போட்டோவில் இருப்பவன் சேகர். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவன். தோள் வரைக்கும் முடி, இங்கிலீஷ் ராக் பாட்டு. இருபத்தாறு வயசில், தாராபுரம் கச்சேரிக்குப் போகிற வழியில் லாரி மோதிப் போய்விட்டான். பதினெட்டு வருசமாச்சு. இன்னும் நோம்பிக்கு நோம்பி முதல் பொன்னாடை அவன் போட்டோவுக்குத்தான்.

வெளிநாட்டிலும் இதே கதைதானாமே? சின்ன வயசில் போன ராக் பாட்டுக்காரன் படத்தைத்தான் பனியனில் போட்டுத் திரிகிறார்களாம். அறுபது வயசு வரைக்கும் பாடினவன் படத்தை யார் போடுவார்கள்?

அன்றைக்குச் சேகருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம் வாசித்தவன் என் கூடப்பிறந்த தம்பி மணி. ஐம்பத்தேழு வயசிலும் வாசிக்கிறான். அவன் பேரை ஒருநாளும் மைக்கில் சொன்னதில்லை.

"இந்த வருசத்தோட நிறுத்திப்போடறேன்க்கா. நான் ஒருத்தன் இருக்கறது ஆருக்குத் தெரியுது?" என்றான் அன்று காலையில். டிரம்மை விட்டால் மணி படுத்துவிடுவான்.

இந்தத் தடவை பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். வீதிக்கே மூத்தவளாம். மெதுவாக ஏறினேன். தை மாசக் குளிர். போட்டோவைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன் — அரைக்கைச் சட்டை.

"ஏனுங்க, போட்டோவுக்குக் குளிருமாங்க?" என்று மைக்கில் கேட்டுவிட்டு, நேராகப் போய் மணிக்குப் போர்த்திப்போட்டேன்.

கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்தார். "ஏனுங்கம்மா, வழக்கத்தை மாத்திப்போட்டீங்களே... தம்பிங்கறதாலயா?"

"தம்பிங்கறதாலதானுங்க இத்தனை வருசம் வாயை மூடிட்டு இருந்தேன்."

சேகருக்குப் புகழ் தகாதா? தகும். நல்ல வாசிப்புக்காரன். ஆனால் விரல் மரத்துப்போய் வாசிக்கிற வயசு அவனுக்கு வரவே இல்லையே... அவனுடைய மோசமான கச்சேரியைக் கேட்டவர் யார்?

மணி பொன்னாடையோடே வாசித்தான். அது தோளில் சரியச் சரிய, இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். முடிவில் மைக்கை வாங்கி, "அடுத்த நோம்பிக்கும் நாந்தானுங்க" என்றுவிட்டான்.

வீட்டுக்கு நடக்கையில், "ரண்டு இடத்துல உட்டுப்போட்டேன், கேட்டியாக்கா?" என்றான்.

"கேட்டேன் கண்ணு."

சேகருக்கு இனி ஒருநாளும் தாளம் தப்பாது. தப்புவதற்கு உசுரு வேணுமுங்களே.