ஸ்டிக்கரில் வந்த படகு

எங்கள் சாய்ந்தமருதில் மீன்காரர் வீட்டுப் பெண் கடையில் மீன் வாங்கினால் அது வெட்கக்கேடு. படகு கரைக்கு வந்ததும், விற்பதற்கு முன்பே ஆளுக்கொரு கறிமீன் ஒதுக்குவார்கள். என்னைக் கட்டிய மாப்பிள்ளை அதைச் சொப்பிங் பையில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அந்தப் பையைக் கண்டால்தான் எனக்கு மனம் ஆறும்.

இந்த முறை ஆழ்கடலுக்குப் போனவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோல் எடுத்தால் போன் ஓஃப். பெருநாள் வேறு கிட்டிவிட்டது. யா அல்லாஹ், எனக்குச் சோறே இறங்கவில்லை.

அக்கரைப்பற்றில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். ஐஸ் பெட்டிக்குள் சூரைத் துண்டுகள் பொதியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கர். போனைப் பிடித்தால் எந்தக் கடல், எந்தப் படகு, எப்போது இறக்கியது என்று எல்லாம் காட்டுமாம். வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடாதாம். சும்மா பிடித்துப் பார்த்தேன். படகு இலக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர் போன படகு! முந்தாநாள் திருகோணமலையில் மீன் இறக்கியிருக்கிறது.

அங்கேயே நின்று படகு முதலாளிக்குக் கோல் எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, மீன இறக்கிப்போட்டு, ஐஸ் ஏத்தித்து அண்டைக்கே திரும்பப் போயித்தாங்க. அவர்ர போன் கடலுக்குள்ள விழுந்திட்டாம். ஆள் சுகமா இரிக்காரு. உங்களுக்குச் சொல்லச் சொன்னவரு, நான்தான் மறந்திட்டன்."

மறந்துவிட்டாராம்! வாயில் நன்றாக வந்தது, விழுங்கிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கரை வரைக்கும் வந்த மனிதர் வீட்டுக்கு வரவில்லையே. கடை நடுவில் நின்று அழுதேன்.

அந்தப் பொதியை வாங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ராத்தா சிரித்தா. "மீன்காரன்ட பொஞ்சாதி கடையில மீன் வாங்கித்து வாறா, பாருங்கடி!"

"அவர் அனுப்பின கறிமீன் ராத்தா," என்றேன்.

மீனைப் போட்டு ஆணம் காய்ச்சினேன். மீன் தலை என்றால் அவருக்கு உயிர். பொதியில் தலை இல்லை, அதை ஆக்கள் வாங்குவதில்லையாம். அவருக்கு வைக்க ஒன்றும் இல்லாமல் நானே சாப்பிட்டு முடித்தேன். கை கழுவிய மறுகா போனைத் திரும்ப அந்த ஸ்டிக்கரில் பிடித்தேன். திரையின் கடைசியில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது: இந்த மீன் பற்றி உங்கள் கருத்து என்ன?

எழுதி அனுப்பினேன்: "மீன் நல்லம். எந்தக் கடல், எந்தப் படகு, எல்லாம் சரியாச் சொல்றீங்க. பிடிச்ச மனிசன் எப்ப வீட்ட வருவாரெண்டும் ஒருக்காச் சொல்லுங்க."