ஒரு வண்டிக்கு ஒரு கயிறு

திருப்பதியில் டிராவல்ஸ் ஆபீஸ் வேலை என்றால், அடுத்தவர் சாமி பார்க்கப் போகிற நேரத்தை நாம் ஞாபகம் வைத்திருப்பது. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு இருக்கிற நான். என்னைப் போன்ற மூளையோடு மல்லுக்கட்டுகிறவர்களே, நீங்களாவது சிரிக்காதீர்கள்.

வைத்தியம்

இது வியாதி, சோம்பேறித்தனம் இல்லை என்று முதலாளிக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, இன்னொரு வண்டியை அனுப்ப மறந்தால் வேலை இல்லை என்றார். அதோடு விட்டாரா? "காலைல வெறும் வயித்துல வல்லாரை துன்னும்மா. எங்க பையன் அப்டித்தான் இன்டர் பரீட்சை பாஸ் பண்ணான்."

பக்தி

போன் அலாரம் எனக்கு உதவாது. அடித்தால் அணைப்பேன், அணைத்ததும் மறப்பேன். அதனால் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் கடையில் சிவப்புக் கயிறு வாங்கி, அனுப்ப வேண்டிய வண்டிக்கு ஒன்றாக மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைக் கிளப்பிய பிறகுதான் வெட்டுவேன். கை அரித்துக்கொண்டே இருக்கும், மறக்க முடியாது.

அதன்பிறகு ஒரு வண்டியும் தவறவில்லை. யாராவது பாராட்டினார்களா? வேலூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் என் கையைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கிறிஸ்தவள், இது ஆபீஸ் வேலைக்கு என்றேன். "எந்த சாமிக்கு வேண்டிக்கினா இன்னா கண்ணு, கல்யாணம் கூடி வந்தா சரி."

கத்தரிக்கோல்

ஞாயிற்றுக்கிழமையும் போனில் வேலை உண்டு. அன்று கையில் ஒரே கயிறு. ஏர்பேட்டில் கை முறிந்த ஒரு பெரியவரை மதியம் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போகிற வண்டி அது. சித்தூரில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா கயிற்றைப் பார்த்துவிட்டார். வியாதி, வண்டி எல்லாம் சொன்னேன். அன்பாகத் தலையாட்டிக்கொண்டே கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டார். என் கையில் இருப்பதை வெட்ட இவரை யார் கேட்டது? நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "கட்டு அறுந்துச்சு பாரு. இனிமே உனக்கு எல்லாம் ஞாபகம் வரும்."

ஏர்பேடு

வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். பெரியவர் வாசலிலேயே காத்திருந்து, கடைசியில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு புத்தூர் போயிருக்கிறார். அவர் மகளைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தாமல் என் மூளையைப் பற்றியும் விளக்கினேன். எல்லோர் மேலும் கோபப்படுகிற எனக்கு அவள் மேல் மட்டும் கோபம் வரவில்லை. "மறந்ததுக்குக்கூட கோவமில்லீங்க. நைனா வலில துடிச்சிக்கினு கீறாரு, நீங்க எனக்கு வியாதி பாடம் எடுத்துக்கினு கீறீங்க."

திங்கட்கிழமை

கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்றுதான் ஆபீசுக்குப் போனேன். முதலாளி ஒரு கண்டு சிவப்புக் கயிற்றை மேசைமேல் வைத்தார். சபையில் விடமாட்டார்கள் என்றேன். கயிற்றை என் பக்கம் தள்ளினார். "சர்ச்சுக்குக் கயிறோட போகாத, ஆபீசுக்குக் கயிறு இல்லாம வராத. ரெண்டுத்தையும் மறந்துடாத."

மறதிக்காரியின் வேலையைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி, அவள் ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு வேலை கொடுத்ததுதான்.