கருப்பாயியின் கைராசி

மலாயாவில் லாயாங் லாயாங் ஊரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அருளப்பன் பதினோரு வருஷம் டிரஸராக, நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவராக, இருந்தார். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் மருந்துக் கொட்டகையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. உள்ளே மருந்துதான் இல்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், கூலிகள் குடியிருந்த லயத்தில் பலரும் சொறிய ஆரம்பித்தார்கள். சோப்பு கிடையாது, கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியிருந்தார்கள். "வெறும் மரவள்ளியத் தின்னா இப்படித்தான். சத்துக் குறைச்சல்," என்று சொல்லி, மிச்சமிருந்த ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார் அருளப்பன்.

புல் வெட்டும் கருப்பாயி அதை நம்பவில்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, படுத்தால் அரிப்பு. "இது சிரங்குப் பூச்சி," என்றாள். இலை நோய்க்குத் தூவ வைத்திருந்த கந்தகத்தை ஸ்டோரில் கேட்டு வாங்கி, தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினாள். ஒரு வாரத்தில் அரிப்பு தணிந்தது.

"கருப்பாயிக்குக் கைராசி," என்று லயம் பேசியது. அருளப்பனுக்கு வயிறு எரிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளை! அவள் சொன்னது சரி என்று தெரிந்ததுதான் இன்னும் எரித்தது. காலையில் கொட்டகை வாசல் வெறிச்சோடிக் கிடக்க, அவள் வீட்டு முன்னால் வரிசை நின்றது. பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தினார். பிறகு இடுக்கு வழியாகத் தலைகளை எண்ணினார்.

இரண்டு மாதத்துக்குள் சொறி திரும்பி வந்தது. ஏன் என்று அருளப்பனுக்குத் தெரியும். அரிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அவள் பூசினாள். பூச்சியோ அரிப்பில்லாதவர் உடம்பிலும் கட்டிய துணியிலும் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. பூசட்டும், கைராசியைப் பார்ப்போம் என்று இருந்தார். இருபது நாள் இருந்தார்.

லயத்து ராசம்மாவின் கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சீழ் கோத்தது. அதைத் தூக்கிக்கொண்டு கருப்பாயியே வந்தாள்.

"டிரஸரய்யா, பூசுனா போவுது, மறுபடி வருது. நீங்க படிச்சவங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க."

அவள் முகத்தில் போட்டியே இல்லை. அது அவரைச் சுட்டது. குழந்தையின் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அரிச்சாலும் அரிக்காட்டியும் எல்லாருக்கும் ஒரே நாள்ல பூசணும். கழுத்துலேர்ந்து கால் வரைக்கும். துணிய எல்லாம் கொதிக்க வைக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அய்யா?"

"நீ கேக்கலையே," என்றார். சொன்ன பிறகு குழந்தையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்குகளெல்லாம் தகர டிரம்மில் வெந்துகொண்டிருக்க, லயமே கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் கந்தகம் பூசி உட்கார்ந்திருந்தது. ஆண்களுக்கு அருளப்பன் பூசினார், பெண்களுக்குக் கருப்பாயி. அடுத்த இரண்டு சாயங்காலமும் பூசினார்கள். சொறி ஒழிந்தது; ராசம்மா குழந்தையின் புண் ஆற மட்டும் ஒரு மாதமானது.

நன்றிக்குக் கொடுத்த கீரையும் கிழங்கும் கருப்பாயி வீட்டுக்கே போயின. "நீங்க சொன்ன வழிதானே, வெளியில சொல்லக்கூடாதா?" என்றாள் அருளப்பனின் மனைவி. எந்த வாயால் சொல்வார்?

சண்டை முடிந்து துரை திரும்பி வந்ததும், சிரங்கை யார் அடக்கியது என்று கேட்டார்.

"நானும் கருப்பாயியும்," என்றார் அருளப்பன். தன்னை முதலில் வைத்தார். அவள் பெயர் வர ஒரு மூச்சு நேரம் பிடித்தது, ஆனாலும் சொன்னார்.