தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மஞ்சள்

டிசைனர் ஒரு மென்பொருளில் தேர்ந்தெடுக்கும் நிறம், டெவலப்பரின் மென்பொருளைக் கடந்து உங்கள் போனில் அதே நிறமாக வந்து சேர வேண்டும். நடுவில் நின்று அதைக் கைமாற்றிவிடுவதுதான் என் வேலை. மும்பை செம்பூரில் அலுவலகம், டோம்பிவிலியில் வீடு. லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு வரும்போதும் எதிரே நிற்பவரின் புடவை நிறத்துக்கு மென்பொருளில் என்ன எண் என்று தேடும் வியாதி எனக்கு உண்டு. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்.

எத்தனை மஞ்சள்?

தாராவியில் முறுக்கு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு ஆப் செய்துகொண்டிருந்தோம். அவருடைய பாக்கெட் மஞ்சள், அதனால் ஆப்பும் மஞ்சள். டெவலப்பர் சதீஷின் கோப்பைத் திறந்தால் ‘யெல்லோ’, ‘யெல்லோ நியூ’, ‘யெல்லோ ஃபைனல்’, ‘யெல்லோ ஃபைனல் ஃபைனல்’ என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே எண். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமே என்றேன். சதீஷ் தலையே நிமிரவில்லை.

“ஓடுற வண்டி அக்கா அது. கைய வெச்சா நின்னுடும், ரெஹ்னே தோ, அப்படியே விட்டுடு.”

இது யாருடையது?

அண்ணாச்சி ஒருநாள் பாக்கெட்டோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். போன் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். திரையில் இருந்த மஞ்சள் பச்சையடித்தது. டிசைனர் மீரா கொடுத்த எண், நான் கைமாற்றிய எண், சதீஷின் கோப்பில் இருந்த எண் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்; எதிலும் பிசகில்லை. அண்ணாச்சியின் பாக்கெட்டைப் பார்த்து யாரோ போலி போடுகிறானாம். அந்தப் போலி இப்படித்தான் லேசாகப் பச்சையடிக்குமாம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மனிதர் பயந்துபோயிருந்தார், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

“எங்க பக்கத்துப் பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதும்மா, கலரப் பாத்துதான் வாங்குதுவ. இத வெளிய விட்டா, நானே அவனுக்குக் கடை தொறந்து குடுத்த மாதிரில்லா ஆயிரும்.”

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

எண் சரி, நிறம் மட்டும் தப்பு. அது எப்படி? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் மழையில் தாராவிக்குப் போனேன். கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் திக்கென்றது. அசல் பாக்கெட்டே பச்சையடித்தது. வாசலுக்கு வந்தேன், மஞ்சள். உள்ளே போனேன், பச்சை. நான் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததை முறுக்கு பிழிகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே, மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய். அதன் வழியாக இறங்கிய நீல வெளிச்சம்தான் மஞ்சளைப் பச்சையாக்கியிருக்கிறது. அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாக்கெட் படம் அதற்குக் கீழே நின்று எடுத்தது. மீரா அந்தப் படத்திலிருந்து நிறத்தை எடுத்திருக்கிறாள், நானும் அதைப் பொத்திப் பொத்திக் கைமாற்றியிருக்கிறேன். மாட்டுங்கா வீட்டில் இருந்த மீராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“ஐயோ, அப்போ தார்ப்பாயையும் சேர்த்தா நான் எடுத்துண்டு வந்தேன்?”

திறப்பு நாள்

பாக்கெட்டை அலுவலக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புது எண் எடுத்தோம். சதீஷின் கோப்பில் ஒரு மஞ்சளை மாற்றினால், ஆர்டர் பொத்தான் மட்டும் பச்சையாகவே நின்றது. அது வேறொரு ‘ஃபைனல்’ மஞ்சளை எடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே எல்லாவற்றையும் அழித்து ஒரே மஞ்சளாக்கினான். வண்டி நிற்கவில்லை.

ஆப் திறப்பன்று அண்ணாச்சி கடைக்குள் நின்றபடி அதைத் திறந்தார். திரை தன் சொந்த வெளிச்சத்தில் பளிச்சென்று மஞ்சள். பக்கத்தில் இருந்த பாக்கெட் பச்சை. விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கிவிட்டார். வெளியே சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. திரும்பி வந்து, தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார்.

“போன்ல இருக்கது சரிதாம்மா. மழைக்காலம் பூரா எஞ்சரக்க நானே அவஞ்சரக்கு மாதிரில்லா வித்திருக்கேன்.”

இப்போது அந்தக் கடைக்கு மேலே வெள்ளைத் தார்ப்பாய். இத்தனை வருஷத்தில் நான் முன்னின்று செய்த நிறமாற்றங்களில் ஒரே தடவையில் சரியாக முடிந்தது அது ஒன்றுதான், அதற்கு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.